பிளக்கின் மேல் உட்கார்ந்திருந்தவர்

செய்தி வந்தபோது நான் குகட்பள்ளியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அருளப்பன் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு. வழக்கம்போல, "என்னண்ணே, காலங்காத்தால?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் பேசியது அவருடைய மகள் ஸ்டெல்லா. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது, தெலுங்கில்தான் சொன்னாள். அப்பா காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொல்கிறார், சாயங்காலம் அடக்கம் என்றாள். பலருக்கும் சொல்லிச் சொல்லி அவள் குரல் காய்ந்துபோயிருந்தது. வருகிறேன் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறினேன், உட்கார இடமும் கிடைத்தது. எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அலுப்பு. இவரும் போயாயிற்று, இனி இந்த ஊரில் வேலையைப் பற்றி என்னோடு தமிழில் சண்டை போட ஆள் இல்லை என்கிற அலுப்பு. துக்கம் மறுநாள் சோறு வடிக்கும்போதுதான் வந்தது.

அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். அவர் இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது, தமிழ் எழுத்து தெரியாது. அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசினார்கள், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தார்கள், தெருவில் உருது கலந்த இந்தி. சர்ச்சில் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். என் மதுரைத் தமிழைக் கேட்டு, "நீ பேசறது கோர்ட்டுல பேசற மாதிரி இருக்குது மா" என்பார். அவர் பேசுவது எனக்குக் கறிக்கடையில் பேரம் பேசுவது போல இருக்கும். அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

சனத்நகரில் நாங்கள் இருந்தது தண்ணீர்த் தொட்டிகளும் தானியம் கொட்டும் இரும்புக் கூம்புகளும் செய்யும் ஷெட். நான் அங்கே எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு, படித்த டிப்ளமோ வீணாக வேண்டாமே என்று சேர்ந்தேன். அவர் பிளாஸ்மா கட்டர். பிளாஸ்மா என்றால் காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்து இரும்புத் தகட்டை அறுக்கும் மெஷின், அதைப் பிடித்து அறுப்பவர் கட்டர். கையில் பிடிக்கிற பகுதியை டார்ச் என்போம். அதன் அடியில் விரல் படுகிற இடத்தில் ஒரு ட்ரிகர். அழுத்தினால் முனையில் நெருப்பு கிளம்பும், விட்டால் அணையும். ட்ரிகருக்கு உள்ளே கட்டைவிரல் நகமளவு ஒரு சுவிட்ச். நாளெல்லாம் அழுத்தி அழுத்தி அது தேயும். தேய்ந்ததை மாற்றுவது என் வேலை. எங்கள் பழக்கம் முழுவதும் அந்தச் சின்ன சுவிட்சைச் சுற்றியே நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல்முறை நான் சுவிட்ச் மாற்றப் போனபோதே தகராறு. மெயினை அணைத்து, 'வேலை நடக்கிறது' என்று அட்டையும் மாட்டிவிட்டு, டார்ச்சைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. எழுந்து போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். த்ரீ ஃபேஸ் பிளக், கைமுஷ்டி அளவு சிவப்பாக இருக்கும். அதை ஒயரோடு இழுத்து வந்து, தன் மரப்பெட்டியின் மேல் வைத்து, மேலே சாக்கைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகுதான் டார்ச் என் கைக்கு வந்தது.

நான் படித்துவிட்டு வந்தவள், முறைப்படி எல்லாம் செய்தவள், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஆஃப் பண்ணி அட்டையும் மாட்டியிருக்கேன்ல? அப்புறம் என்னத்துக்குண்ணே இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"ஹவ் மா, ஆமா, நீ ஆஃப் பண்ணே. வேற ஒருத்தன் வந்து ஆன் பண்ணுவான். அட்டையை எவன் படிக்கிறான்? பிளக்கு என் கீழ இருந்தா என்னை எழுப்பிட்டுதான் ஆன் பண்ணணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. நாடகம் போடுகிறார் என்றே நினைத்தேன். அட்டை மாட்டுவதை நான் விடவில்லை, பிளக்கின் மேல் உட்காருவதை அவர் விடவில்லை. இரண்டும் சேர்ந்தே எங்கள் பகுதியின் வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் அவருக்கு மூலவியாதி ஏதோ இருக்கிறது, அதனால்தான் கோணலாக உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

இன்னொரு சம்பவமும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரு மழைக்காலத்தில் சுவிட்ச் செத்துவிட்டது. ராணிகஞ்ச் கடைகளில் நான் அலைந்தும் அந்த மாடல் கிடைக்கவில்லை. லாரி வாசலில் நிற்கிறது. அப்போதிருந்த புரொடக்‌ஷன் மேனேஜர், உள்ளே இருக்கிற இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுங்கள், மெயினில் ஒருவர் நின்று ஆன் ஆஃப் செய்துகொள்ளலாம் என்றார். பல ஷெட்டுகளில் அப்படித்தான் ஓடுகிறது என்றும் சொன்னார். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் கையுறையைக் கழற்றி மடித்தார். பிளக்கைப் பிடுங்கினார். உட்கார்ந்தார். மேனேஜர் கத்தி முடித்தபிறகு இந்தியில் ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து அதையே தமிழில் சொன்னார்: "எரிய வைக்கறது எவனாலயும் முடியும் மா. டார்ச்சு நான் சொன்னா நிக்கணும்."

லாரி காலியாகவே திரும்பியது. மேனேஜர் வெகுநாள் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் நல்ல காலம். போன வருடத்துக்கு வருகிறேன்.

அண்ணி அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டிருந்தார். அண்ணனுக்கு ஓய்வு வயது தாண்டியாகிவிட்டது. அவரைப் போல நேராக அறுக்க ஆளில்லை என்பதால் ஷெட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் குறை என்று தெரிந்தால் அந்தக் கணமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியும். வீடு என்றால் ஹப்சிகுடாவில் ஸ்டெல்லாவின் அடுக்குமாடி வீடு. மகள் தங்கமானவள், மருமகனும் நல்லவர். ஆனால் அண்ணன் அங்கே பகலில் இருக்கப் பயந்தார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், டிவி ஓடும், நான்காவது மாடியிலிருந்து கீழே வர வேலையிருக்காது. "என்னை சோபாவோட சோபாவா போட்டு வெச்சிருவாங்க மா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில் டார்ச் மறுபடி தகராறு செய்யத் தொடங்கியது. அறுத்துக்கொண்டிருக்கும்போதே நெருப்பு அணைந்துவிடும், மறுபடி பற்றும். அணைந்த இடத்தில் தகட்டின் ஓரம் எலி கடித்தது போல இருக்கும். கிரைண்டிங்கில் இருப்பவர்கள் திட்டிக்கொண்டே தேய்த்தார்கள். யார் பார்த்தாலும் தெரியும், சுவிட்ச் தேய்ந்துவிட்டது. மாற்றிவிடலாம் என்றேன்.

"நக்கோ மா, இருக்கட்டும்."

நக்கோ என்றால் இங்கே வேண்டாம். அவர் சுவிட்சுக்கு வேண்டாம் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருநாள் அவசர வேலை என்றார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார், பிறகு ஒருநாள் என்மேலேயே எரிந்து விழுந்தார். எனக்கும் அப்போது உடம்பு சரியில்லை. முட்டி வலி, வீட்டில் மாமியாருக்கு வைத்தியம், பஸ்ஸில் நின்றே வரும் பயணம். ஒரு மனிதரிடம் ஒரு சுவிட்சுக்காக எத்தனை தடவைதான் கெஞ்சுவது? அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது டார்ச்சைத் திறந்தேன். உள்ளே சுவிட்ச் தொளதொளத்துப் போயிருந்தது, ஸ்பிரிங்கும் சத்து இழந்து கிடந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன், அட்டை மாட்டினேன், பிளக்கின் மேல் மட்டும் உட்காரவில்லை. நான் செய்தது என் வேலை. அதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் திரும்பி வந்த காலை, தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டாயிற்று, கண்ணாடி மாட்டியாயிற்று, டார்ச்சை எடுத்தார். ட்ரிகரை அழுத்தினார். நெருப்பு வரவில்லை. மறுபடி அழுத்தினார், வரவில்லை. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று சத்தமாகச் சொன்னார். நான் மல்டிமீட்டரோடு போனேன். அழுத்தினால் மீட்டர் பீப் என்றது, விட்டால் நின்றது. நானே டார்ச்சைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன், பற்றியது. சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் டார்ச்சை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கைவிரலையும் கோத்து அழுத்தினார். அப்போது பற்றியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுவிட்ச் மட்டும் தேயவில்லை. அவருடைய வலது கை விரல்கள் விறைத்துப்போய் நெடுநாளாகியிருந்தது. தேய்ந்த சுவிட்சும் சத்து இழந்த ஸ்பிரிங்கும் மெத்தென்று இருந்ததால் அந்த விரல்களால் சமாளித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது அதற்குத்தான். மற்றவர்கள் புது சுவிட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துக் கலைந்து போனார்கள்.

மதியம் என் மேஜைக்கு வந்தார். பழைய சுவிட்ச் எங்கே என்று கேட்டார். குப்பை டப்பாவில் கிடந்தது, எடுத்துக் காட்டினேன். அதையே திரும்பப் போடு என்றார்.

"முடியாதுண்ணே" என்றேன்.

"அது தானா அணையுது, அவ்வளவுதானே? அணையாம இருந்தாத்தானே ஆபத்து?"

"இன்னிக்கு அணையுது. நாளைக்கு ஒட்டிக்கிட்டா? டார்ச்சு நான் சொன்னா நிக்கணும்னு சொன்னது யாரு?"

தன் வாக்கியத்தையே நான் எடுத்துப் போட்டதில் அவருக்குக் கோபம் இல்லை, முகம் மட்டும் தளர்ந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆபீசில் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பழைய நைலான் கட்டை ஒன்றிலிருந்து நீளமாக ஒரு பட்டை அறுத்து, ட்ரிகரின் மேல் பொருத்தினேன். ஒரு விரலால் அழுத்த வேண்டியதில்லை. சைக்கிள் பிரேக்கைப் பிடிப்பது போல நான்கு விரலும் சேர்ந்து இழுத்தால் போதும். விட்டால் உடனே அணைய வேண்டும் என்பதற்காகப் புது ஸ்பிரிங்கை அப்படியே வைத்தேன். நான் அதை மாட்டுகிற நேரமெல்லாம் அவர் பிளக்கின் மேல் உட்கார்ந்து சாக்பீஸை உடைத்து உடைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தார்.

முடித்துக் கொடுத்ததும் ஒரு துண்டுத் தகட்டில் கோடு இழுத்துப் பார்த்தார். நேராக வந்தது. "பார்க்க அசிங்கமா இருக்குது மா" என்றார். மறுநாள் எனக்கு இரானி பிஸ்கட் வாங்கி வந்திருந்தார்.

அந்தப் பட்டையோடு கோடைக்காலம் முழுவதும் வேலை செய்தார். வேறு யாராலும் அந்த டார்ச்சைப் பிடிக்க முடியவில்லை, கை சிக்கியது. அதனாலேயே அது அவருடைய டார்ச் ஆனது. நான் ஒவ்வொரு வாரமும் சுவிட்சைச் சோதிப்பேன். அழுத்தினால் பீப், விட்டால் மௌனம். நானும் நிம்மதியாக இருந்தேன். அவரும் சோபாவுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் தொட்டி மூடியில் துளை அறுத்துக்கொண்டிருந்தார். எதிரே தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் யாதையா. நான் சுவர் ஓரம் பேனலைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும், வளைவு முடிகிற இடத்தில் நெருப்பு நிற்க வேண்டும். நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். நெருப்பு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நல்ல தகட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் நின்றிருந்த விதத்திலேயே தெரிந்தது, அவர் கையை விடத்தான் பார்க்கிறார். விரல்கள் விரியவில்லை. டார்ச்சைத் தகட்டிலிருந்து தூக்கி, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அப்போது அணைந்தது. அறுந்த கோடு யாதையாவின் கையுறையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. யாதையா அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டீ வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு போனார்.

நான் ஓடினேன். அதற்குள் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பெட்டியின் மேல் வைத்து, சாக்கைப் போட்டு, உட்கார்ந்தார். டார்ச் தரையில் கிடந்தது. நான் அதை எடுத்து மீட்டரை வைத்தேன். பீப், மௌனம். பீப், மௌனம்.

"சுவிட்சு மேல தப்பில்ல மா" என்றார். "இன்னிக்கு நான் சொன்னேன். நிக்கல."

வேறு ஏதாவது செய்யலாம், இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் அதுவே விரலைத் தள்ளிவிடும், மேலே ஒரு கொக்கி வைக்கலாம் என்றெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"கைக்கு மா?" என்றார். கைக்கு என்றால் இங்கே எதற்கு என்று அர்த்தம். "எத்தனைதான் மாத்துவே?"

யாரும் அவரை அனுப்பவில்லை, அவரே போனார். சாப்பாட்டு நேரம்வரை அந்தப் பிளக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். மெஷின் வேண்டும் என்று வந்தவர்களிடம் இல்லை என்று தலையாட்டினார். பிறகு எழுந்து ஆபீசுக்குள் போய், இனி வரமாட்டேன், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். வழியனுப்பு விழா வைக்கலாம் என்றார்கள். நக்கோ என்றார். நான் கேட் வரை கூடப் போனேன். இருவருக்கும் களைப்பாக இருந்தது.

ஹப்சிகுடாவுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். இன்னொருமுறை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வேலையும் வீடும் விடவில்லை. பிறகு போனது அடக்கத்தன்று. கூட்டத்தில் ஸ்டெல்லா என்னை அடையாளம் கண்டு, "மீரேனா சுவிட்ச் மேடம்?" என்று கேட்டாள். நீங்கள்தானா என்று கேட்கிறாள். எனக்கு இப்படி ஒரு பெயர் அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. அவள் தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனாள். வேலையை விட்டபிறகும் அப்பா திருந்தவில்லையாம். அவள் மிக்ஸியைக் கழுவ எடுத்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து பிளக்கைப் பிடுங்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவாராம். மருமகன் ஃபேனைத் துடைக்க ஏறினால் வீட்டு மெயினுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொள்வாராம். பிள்ளைகள் சிரிப்பார்களாம். சொல்லும்போது அவளும் சிரித்தாள், அப்புறம்தான் அழுதாள். சோபாவோடு சோபாவாக அவர் ஆகவில்லை என்று எனக்கு அப்போது ஒரு ஆறுதல் வந்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அண்ணனுடைய இடத்துக்குப் புது கட்டர் சந்தோஷ் வந்தார். ஒடிசாக்காரர், கைவேலை சுத்தம். பட்டை இடைஞ்சலாக இருக்கிறது, கழற்றிக் கொடுங்கள், சுவிட்சும் தேய்ந்திருக்கிறது என்றார். நியாயம்தான். அட்டையை மாட்டினேன். பிளக்கைப் பிடுங்கினேன். அந்தப் பெட்டியும் சாக்கும் இன்னும் அங்கேதான் இருந்தன. பிளக்கை வைத்து உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. எவ்வளவு குத்துகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்த மனிதர் எப்படித்தான் உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினேன். புது சுவிட்ச், புது ஸ்பிரிங், பழையபடி ஒற்றை விரல் ட்ரிகர். அழுத்தினால் பீப், விட்டால் மௌனம். தேவைக்கு மேலேயே சோதித்தேன்.

நைலான் பட்டை என் கருவிப்பெட்டியில் கிடக்கிறது. ஆனால் அது நான் செய்தது, அவருடையது இல்லை. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோணலான உட்காரல்தான். அதை நான் இனி விடப்போவதில்லை.

சந்தோஷ் பிளக்குக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எதற்கு மேடம் அதன்மேல் உட்கார்ந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். அண்ணன் சொன்னதை அப்படியே அவருக்கு இந்தியில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிளக் என் கீழே இருந்தால், என்னை எழுப்பிவிட்டுத்தான், என்பதுவரைதான் வந்தது. சந்தோஷ் கையை நீட்டியபடியே காத்திருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்தேன்.